துருப்பிடித்த கிளிக்கூண்டுக்கு எந்த பெயிண்ட் அடிக்கலாம்? குளச்சல் கடல்காற்று, ஒரு ஜோடி காக்டெயில்

குளச்சல்_காக்டெயில்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீடு குளச்சலில், கடற்கரைக்கு நடந்தால் ஐந்து நிமிடம் ஆகாது. வீட்டில் ஒரு பழைய இரும்புக் கூண்டு இருக்கிறது. அப்பா கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்தது, மூன்றடி உயரம், இரண்டடி அகலம், மேலே கோபுரம் மாதிரி வளைத்திருப்பார்கள். அந்தக் காலத்தில் அதில் பச்சைக்கிளி இருந்ததாம். இப்போது நாட்டுக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அதனால் அந்த நினைப்பே வேண்டாம் என்று மகளிடம் சொல்லி, ஒரு ஜோடி காக்டெயில் (cockatiel, கொண்டை வைத்த சின்ன வெளிநாட்டுக் கிளி) வாங்கிக் கொடுத்தேன். இப்போதைக்கு அவை கடைக்காரர் கொடுத்த சின்னக் கூண்டில் நெருக்கியடித்து இருக்கின்றன. சிறகை முழுசாக விரிக்க இடமில்லை, பார்க்கவே பாவமாக இருக்கிறது.

பெரிய கூண்டு முழுக்கத் துரு. இங்கே ஆனி ஆடியில் கச்சான் காற்று வீச ஆரம்பித்தால் ஜன்னல் கம்பியே மூன்று வருடம் தாங்காது, கூண்டுக் கம்பி எம்மாத்திரம். அடியில் தட்டு வைக்கிற இடத்தில் துரு பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. மேல்பகுதியில் பழைய பச்சை பெயிண்ட் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, சில இடத்தில் உரிந்து உள்ளே வேறு நிறம் தெரிகிறது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு கோட், அதற்கு மேல் நல்ல எனாமல் இரண்டு கோட் அடித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். கடையில் கேட்டால் "பறவைக்கு எல்லாம் தனி பெயிண்ட் கிடையாது, இதையே அடிங்க" என்கிறார்கள். ஆனால் இந்தக் காக்டெயில் இரண்டும் நாள் முழுக்கக் கம்பியை அலகால் கொறித்துக்கொண்டே இருக்கின்றன. பெயிண்ட் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும்? அடித்துப் பழக்கம் இருக்கிறவர்கள் சொல்லுங்கள்.

திங்கள்சந்தைக்காரன்:

அண்ணே, இவ்வளவு யோசிக்க ஒன்றும் இல்லை. கேட்டுக்கு அடிக்கிற சில்வர் பெயிண்டை அடித்து இரண்டு நாள் வெயிலில் காயவிட்டால் போதும். எங்கள் வீட்டில் பின்ச் (finch, சின்னக் குருவி) 12 வருடமாக அப்படித்தான் இருக்கிறது, குஞ்சு பொரித்துப் பெருகியிருக்கிறதே தவிர ஒன்றுக்கும் ஒன்றும் ஆனதில்லை.

இரணியல்_அக்கா:

தம்பி, அவசரப்பட்டு எதையும் அடித்துவிடாதீர்கள். திங்கள்சந்தைத் தம்பி சொல்வது அவர் வீட்டில் உண்மையாகத்தான் இருக்கும், ஆனால் பின்ச் வேறு, காக்டெயில் வேறு. பின்ச் கம்பியில் வந்து உட்காரும், பறந்து போகும், அவ்வளவுதான். காக்டெயில், லவ் பேர்ட்ஸ் எல்லாம் கிளி இனம். அவற்றுக்கு அலகு மூன்றாவது கால் மாதிரி. கம்பியை அலகால் பிடித்துத்தான் ஏறும், இறங்கும், சும்மா இருக்கிற நேரத்தில் கொறிக்கும். கம்பி மேல் என்ன பூசியிருக்கிறதோ அது தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் ஆஃப்ரிக்கன் லவ் பேர்ட்ஸ் வைத்திருந்தேன். மரச்சட்டம் அடித்து, புதிதாக ஜி.ஐ. மெஷ் வாங்கிப் பெரிய கூண்டு செய்தோம். பளபளவென்று இருந்தது. மூன்று வாரம் இருக்கும், பெண் பறவை உடம்பை உப்பிக்கொண்டு ஒரு மூலையிலேயே உட்கார ஆரம்பித்தது. எச்சம் கரும்பச்சையாக, தண்ணீராகப் போனது. தினை தின்கிற மாதிரி இருக்கும், ஆனால் கையில் எடுத்தால் நெஞ்செலும்பு கத்தி மாதிரி குத்தும். சளி என்று நினைத்து நானே இரண்டு நாள் துளசிச்சாறு அது இது என்று பார்த்தேன். மூன்றாவது நாள் காலையில் வலிப்பு வந்துவிட்டது. கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது வயிற்றுக்குள் உலோகத் துகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. ஊசி போட்டார், ஆனால் அன்று சாயங்காலமே போய்விட்டது. அந்த முதல் இரண்டு நாளை நான் வீணாக்கியிருக்கக் கூடாது.

ஜி.ஐ. என்றால் இரும்பு மேல் துத்தநாகம் பூசியது. புது மெஷ்ஷில் அந்தத் துத்தநாகம் சொட்டுச் சொட்டாக உறைந்து நிற்கும். ஈரக்காற்றில் மேலே வெள்ளைப் பொடி படரும். பறவை அதைக் கொறித்தால் துத்தநாக நஞ்சு. காக்டெயிலின் மொத்த எடையே 80, 100 கிராம்தான், லவ் பேர்ட் அதிலும் பாதி. நம் கண்ணுக்கே தெரியாத துணுக்கு அவற்றுக்குப் பெரிய அளவு. இப்போது நான் புது மெஷ் வாங்கினால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வினிகர் ஊற்றிக் கழுவி, நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசிக் காயவைக்கிறேன். அதுவும் உதிர்கிற பொடியைத்தான் எடுக்கும், பூச்சு முழுதும் போகாது. அதனால் அலகு படுகிற இடத்தில் ஜி.ஐ.யே வைப்பதில்லை.

உங்களுடைய ரெட் ஆக்சைடு டப்பாவைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். நம் ஊர் கடைகளில் அந்தப் பெயரில் கிடைப்பதில் நிறைய "ரெட் ஆக்சைடு ஜிங்க் குரோம்" பிரைமர்தான். ஜிங்க் என்றால் அதே துத்தநாகம், கூடவே குரோமியமும். கேட்டுக்கு நல்லது, கிளிக்கு ஆகவே ஆகாது.

தக்கலை_ரப்பர்:

பெயிண்டே வேண்டாம் என்றால் தேங்காய் எண்ணெய் தடவி விட்டால் துரு நிற்காதா? எங்கள் தாத்தா அரிவாளுக்கு அப்படித்தான் செய்வார்.

இரணியல்_அக்கா:

அரிவாளுக்குச் சரி, கூண்டுக்கு வேண்டாம். எண்ணெய் இறகில் ஒட்டினால் இறகு பிசுபிசுத்துப் போகும், பறவை அதைக் கோதிக் கோதித் தவிக்கும். எண்ணெய் சிக்குவாடை வேறு அடிக்கும், தூசி முழுக்க அதில் ஒட்டும்.

நாகர்கோவில்_பெயிண்டர்:

நான் 18 வருடமாக கேட், கிரில், ஜன்னலுக்கு அடிக்கிறவன், இப்போது மூன்று வருடமாகப் பவுடர் கோட்டிங் பட்டறையில் வேலை. கூண்டும் அடித்திருக்கிறேன், அதனால் தெரிந்ததை முழுசாக எழுதுகிறேன்.

முதலில் உப்பு. கடலோர வீடுகளில் பெயிண்ட் ஆறே மாதத்தில் கொப்பளித்து உரிகிறது என்று எல்லாரும் பெயிண்டைத் திட்டுவார்கள், தப்பு பெரும்பாலும் பெயிண்டில் இருக்காது. அடியில் உப்பு இருக்கும். உப்புப் படிந்த இரும்பை அப்படியே தேய்த்தால் அந்த உப்பைக் கம்பிக்குள் அழுத்தித் தேய்க்கிறோம் என்று அர்த்தம். மேலே பெயிண்ட் மூடினதும் உப்பு ஈரத்தை இழுக்கும், துரு உள்ளுக்குள்ளேயே வளரும். அதனால் தேய்க்கிறதுக்கு முன்னால் ஒருமுறை, தேய்த்த பிறகு ஒருமுறை, நல்ல தண்ணீரில் கழுவணும். கழுவின உடனே துடைத்துக் காயவைத்து அன்றைக்கே முதல் கோட் அடிக்கணும், குளச்சல் காற்றில் ராத்திரி விட்டால் காலையில் மஞ்சளாகத் திரும்பத் துரு பூத்திருக்கும். மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. ஜனவரி கடைசி தொடங்கி மார்ச் வரை உள்ள மழையில்லாத காலம்தான் பெயிண்டுக்கு ஏற்றது.

அடுத்து, காய்வது. எனாமல் டப்பாவில் "6 முதல் 8 மணி நேரம்" என்று போட்டிருப்பது தொட்டால் ஒட்டாத அளவுதான். எண்ணெய் எனாமல் காற்றோடு சேர்ந்து இறுகும் பெயிண்ட், உள்வரை இறுக வாரக்கணக்கில் ஆகும், ஈரக்காற்றில் இன்னும் கூடும். இரண்டு நாள் வெயில் போதாது. நான் பார்க்கிற பரிசோதனை இதுதான்: யாருக்கும் தெரியாத மூலையில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்ப்பேன், தடம் விழுந்தால் இன்னும் காயவில்லை. அப்புறம் கூண்டு மேல் ஒரு பெட்ஷீட்டைப் போட்டு ராத்திரி முழுக்க மூடி வைத்து, காலையில் அதற்குள் தலையை விட்டு மோந்து பார்ப்பேன். லேசாக வாடை இருந்தாலும் பறவையை விடமாட்டேன்.

ஆனால் உண்மையைச் சொல்கிறேன், காக்டெயிலுக்குப் பிரஷ்ஷால் அடிக்கிற எந்த எனாமலையும் நான் சிபாரிசு பண்ணமாட்டேன். நன்றாகக் காய்ந்த பெயிண்டாக இருந்தாலும் அது கொறித்தால் செதில் செதிலாக வரும். சில்வர் பெயிண்ட் இன்னும் மோசம், காய்ந்த பிறகும் தேய்த்தால் கையில் ஒட்டும், பார்த்திருப்பீர்கள். "குழந்தை பொம்மைக்கு அடிக்கலாம்" என்று போட்ட பெயிண்ட் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது குழந்தையின் உடம்புக்குக் கணக்குப் போட்டது, 90 கிராம் பறவைக்கு இல்லை. ஜி.ஐ. மேல் நேரடியாக எனாமல் அடிக்கிறவர்களும் உண்டு, அதுவும் நிற்காது. பெயிண்டில் இருக்கிற எண்ணெயும் துத்தநாகமும் சேர்ந்து சோப்பு மாதிரி ஆகிப் பிடிப்பு விட்டுவிடும், தோல் தோலாக உரியும், உரிந்ததைப் பறவை தின்னும்.

பவுடர் கோட்டிங் நல்ல வழி. காய்ந்த பவுடரை மின்சாரத்தால் இரும்பில் ஒட்டவைத்து 180 முதல் 200 டிகிரி அடுப்பில் உருக்கி எடுப்போம், தின்னரே கிடையாது, அடுப்பை விட்டு வெளியே வரும்போதே இறுகி முடிந்திருக்கும். வீட்டில் பிரஷ்ஷால் அடிப்பதைவிடப் பல மடங்கு கெட்டி. கொடுக்கும்போது அடியில் ஜிங்க் பிரைமர் போடவேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள், கடலோரம் என்றால் பட்டறையில் தானாகவே போட்டுவிடுவார்கள். பிளாஸ்டிக், மரம் எல்லாம் கழற்றிவிட வேண்டும்.

ஒரு கேள்வி. உங்கள் கூண்டில் கம்பிகள் எப்படிச் சேர்ந்திருக்கின்றன? வெல்டா, ஈயப் பற்றா? அந்தப் பச்சைக்கு அடியில் என்ன நிறம்? இரண்டும் தெரிந்தால்தான் மேலே சொல்ல முடியும்.

குளச்சல்_காக்டெயில்:

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. இன்றைக்கு மத்தியானம் கூண்டைத் திண்ணையில் எடுத்து வைத்துப் பார்த்தேன். நான்கு மூலையிலும் நிற்கிற பட்டை இரும்புச் சட்டம் மட்டும் வெல்டு. கம்பிகளைத் துளை போட்ட பட்டையில் கோர்த்து, சேர்கிற இடத்தில் எல்லாம் சாம்பல் நிறமாக உருண்டை உருண்டையாக ஈயம் வைத்திருக்கிறார்கள், நகத்தால் கீறினாலே பளபளக்கிறது. பச்சைக்கு அடியில் நல்ல மஞ்சள், சில இடத்தில் ஆரஞ்சு. ரெட் ஆக்சைடு டப்பா லேபிளையும் படித்தேன், அக்கா சொன்னது சரிதான், ஜிங்க் குரோம் என்றுதான் போட்டிருக்கிறது.

அப்பாவிடம் கேட்டதற்கு மஞ்சள் அடித்தது அவர்தான், 80களில் என்றார்.

நாகர்கோவில்_பெயிண்டர்:

அப்படியானால் தம்பி, அந்தக் கம்பிப் பகுதியை விட்டுவிடுங்கள். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், தெரியும்.

அந்தக் காலத்து மஞ்சள், ஆரஞ்சு, பச்சை எனாமலில் நிறத்துக்காகக் காரீயக் (lead) கலவை போடுவது சாதாரணம். வீட்டு பெயிண்டில் காரீயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் விதி போட்டதே 2016ல், நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதுவும் வீட்டுக்கு அடிக்கிற பெயிண்டுக்குத்தான், தொழிற்சாலைப் பெயிண்டுக்குப் பொருந்தாது. 80களில் அடித்ததைக் காரீயம் இருக்கிற பெயிண்ட் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே புது பெயிண்ட் அடித்து மூடினால் கிளி புதியதையும் கொறிக்கும், பழையதையும் கொறிக்கும். பற்று வைத்த ஈயத்திலும் காரீயம் கலந்திருக்கும், உருண்டையாக நீட்டிக்கொண்டு நிற்பதால் அலகு முதலில் போவதே அங்கேதான். பவுடர் கோட்டிங்குக்கும் வழியில்லை. அந்த ஈயம் 183 டிகிரியிலேயே உருக ஆரம்பிக்கும், எங்கள் அடுப்புச் சூட்டில் கம்பி எல்லாம் கழன்று விழும்.

அதைவிடப் பெரிய விஷயம், நீங்கள் உப்புத்தாள் போட்டு உலரத் தேய்க்கவே கூடாது. அந்தத் தூசி பறவைக்கு மட்டுமில்லை, உங்கள் மகளுக்கும் கெடுதல், பிள்ளைகளுக்குக் காரீயம் மூளையைப் பாதிக்கும். சூடுகாட்டி உரிக்கிற வேலையும் வேண்டாம், புகையிலேயே வரும். ஏற்கெனவே உதிர்ந்து கிடப்பதை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள். முற்றத்தில் கோழி நின்றால் அந்தப் பக்கம் விடாதீர்கள், பொருக்கைக் கொத்தித் தின்னும்.

நாற்புறச் சட்டம் வெல்டு என்றீர்களே, அதை மட்டும் காப்பாற்றலாம். கம்பியை வெட்டி எடுத்துவிட்டுச் சட்டத்தை மட்டும் கொண்டுவாருங்கள். மூடின அறையில் மணல் அடித்துப் பழைய பெயிண்ட் முழுக்க எடுத்து, இரும்பு வெள்ளையாகத் தெரிந்த பிறகு பவுடர் போடலாம். உள்பக்கம் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 வெல்டு மெஷ் வைத்து போல்ட் போட்டு முறுக்கிவிட்டால் பறவையின் அலகு ஸ்டீலில்தான் படும், சட்டம் வெளியே நிற்கும். காக்டெயிலுக்குக் கம்பி இடைவெளி முக்கால் அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, தலை மாட்டிக்கொள்ளும்.

திங்கள்சந்தைக்காரன்:

நான் முதலில் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் அடுத்த கூண்டில் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸும் இருக்கிறது. அக்கா எழுதியதைப் படித்துவிட்டுப் போய்ப் பார்த்தேன், கதவுப் பக்கம் ஒரு சாண் நீளத்துக்குச் சில்வர் பெயிண்டே இல்லை, வெறும் இரும்பு. கொறித்தே தீர்த்திருக்கின்றன. இன்றைக்கே அவற்றை வேறு கூண்டுக்கு மாற்றிவிட்டேன். நன்றாகத்தான் இருக்கின்றன, இருந்தாலும் டாக்டரிடம் காட்டணுமா?

வெட்_மாணவி:

காட்டுங்கள் அண்ணா. வெளியே தெரியாமலே உள்ளே தேங்கியிருக்கலாம். நம் மாவட்டத்துக்குப் பக்கத்தில் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே கொண்டுபோகலாம். போகும்போது உரிந்த பெயிண்டில் ஒரு துண்டையும் கம்பியின் போட்டோவையும் எடுத்துப் போங்கள், என்ன உலோகம் என்று யோசிக்க மருத்துவருக்கு உதவும். கரும்பச்சை எச்சம், அதிகமாகத் தண்ணீர் குடிப்பது, தின்றதைக் கக்குவது, நடை தள்ளாடுவது, இதில் எது தெரிந்தாலும் மறுநாள் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். உலோகத்தைப் பிடித்து வெளியே தள்ளும் ஊசி இருக்கிறது, எடுத்த எடுப்பில் போட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு.

பெயிண்ட் வாடையைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். பறவைக்கு நம்மைப் போல் நுரையீரல் விரிந்து சுருங்காது. உடம்புக்குள் காற்றுப்பைகள் இருக்கும், அவைதான் துருத்தி மாதிரி காற்றை நுரையீரல் வழியாக ஒரே திசையில் தள்ளும். மூச்சை விடும்போதும் புதுக்காற்று நுரையீரல் வழியாகவே போகும். அந்த அமைப்பால்தான் அவ்வளவு உயரம் பறக்கிறது, அதே அமைப்பால்தான் தின்னர் வாடையும் நம்மைவிட வேகமாக உள்ளே இறங்குகிறது. வீட்டு கேட்டுக்கு பெயிண்ட் அடித்தாலும் பறவையைப் பக்கத்து அறைக்கு மாற்றினால் போதாது, சொந்தக்காரர் வீட்டுக்கே அனுப்பிவிடுங்கள். அடுப்பில் ஒட்டாத தவாவை வெறுமையாகக் காயவைத்துவிட்டு மறந்துபோனாலும் அந்தப் புகையில் பறவை நிமிடங்களில் செத்துவிடும், சமையலறைப் பக்கம் கூண்டு வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்.

குளச்சல்_காக்டெயில்:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கணும்.

பெயிண்டர் அண்ணன் சொன்ன மாதிரியே செய்தோம். கம்பியை நான் வெட்டவில்லை, பட்டறையிலேயே வெட்டி எடுத்தார்கள். அப்பா கூட வந்திருந்தார், கோபுரத்தைப் பிரிக்கும்போது கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றார். அவருக்காக அந்தக் கோபுர வடிவத்தை மட்டும் புது எஸ்.எஸ். கம்பியில் வெல்டு வைத்துத் திரும்பச் செய்யச் சொன்னேன். சட்டத்துக்குப் பவுடர், அதே பச்சை. உள்ளே 304 மெஷ். வெல்டு வைத்த இடத்தில் கூர்மையாக நின்றதை எல்லாம் ராவி எடுத்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து சோப்புத் தண்ணீரில் கழுவினேன். பெட்ஷீட் போட்டு மூடி மோந்தும் பார்த்தேன், வாடை இல்லை. செலவு நினைத்ததைவிடக் கூடத்தான் ஆனது.

பறவைகளை விட்டு 15 நாள் ஆகிறது. ஆண் பறவை முதல் நாள் முழுக்கக் கோபுரத்தின் உச்சியை விட்டு இறங்கவில்லை. கொறிக்கிற பழக்கம் போகவில்லை, அதற்குக் கடற்கரையில் ஒதுங்குகிற கணவாய் ஓட்டைப் பொறுக்கி, நல்ல தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து உப்பு போனதும் காயவைத்துக் கட்டியிருக்கிறேன், இப்போது இரண்டும் கம்பியை விட்டுவிட்டு அதில்தான் வேலை பார்க்கின்றன. வாரம் ஒருமுறை கூண்டை நல்ல தண்ணீரில் துடைத்துவிடுகிறேன், கடல்காற்றில் 304 மேலேயும் டீக்கறை மாதிரி பழுப்பு படரும் என்று பட்டறையில் சொன்னார்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. தண்ணீர்க் கிண்ணம் மாட்டுகிற கொக்கியும் கதவுப் பூட்டும் பித்தளை. பித்தளையிலும் துத்தநாகம் இருக்கிறது இல்லையா? ஸ்டீலில் சின்னக் கொக்கி எங்கே கிடைக்கும்?

நாகர்கோவில்_பெயிண்டர்:

இருக்கிறது, மாற்றிவிடுங்கள். அதற்கு நாகர்கோவில் வரை வரவேண்டாம் மக்கா, உங்கள் ஊர் துறைமுகத்துப் பக்கம் போட்டுக்குச் சாமான் விற்கிற கடையில் கேளுங்கள். கடலில் போடுகிற ஸ்டீல் கொக்கி சின்ன அளவிலும் இருக்கும், 316 என்று கேட்டு வாங்குங்கள்.